போகிற லோடு, திரும்புகிற லோடு

பென்ட்டோ கோன்சால்வெஸ்,
1997 மார்ச் 9

அன்புத் தம்பி வால்மோருக்கு,

உன் அக்கா இல்வா எழுதுவது. நானும் ஜுசாராவும் சுகம். நீ விட்ட குறட்டையில் அக்கம்பக்கத்தார் சுகமா என்று இனிமேல்தான் விசாரிக்க வேண்டும்.

மறுபடியும் தவறவிட்டோம். நேற்று சாயங்காலம் நான் லாரியை நிறுத்தி இறங்கும்போதே உன் மருமகள் ஜுசாரா வாசலில் நின்று சிரித்தாள். "மாமா காலையிலதாம்மா கெளம்புனாரு. உன் கட்டில்லதான் படுத்தாரு" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. உன் அத்தானை அடக்கம் செய்த அன்று உன்னைப் பார்த்தது. நாலு வருஷம் ஆகிறது. நீ வடக்கே சினோப்பிலிருந்து பலகை ஏற்றிக்கொண்டு தெற்கே என் ஊருக்கு வரும்போது, நான் என் ஊர் மேஜை நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு உன் ஊரில் இருக்கிறேன். ஒரே சாலையில் எதிரெதிராகப் போய்க்கொண்டிருக்கிறோம்.

ஃபோன் பேசலாமே என்று சீட்டு எழுதி வைத்திருந்தாய். பூத்தில் நின்று "கேக்குதா, கேக்குதா" என்று கத்தி முடிப்பதற்குள் காசு தீர்ந்துவிடுகிறது. நமக்குக் கடிதம்தான் லாயக்கு. கடிதத்தில்தான் நீ குறுக்கே பேசமாட்டாய்.

இங்கே நிலைமை சரியில்லை. புக்கிங் ஆபீஸ் அர்லிண்டோ முன்பெல்லாம் என்னைப் பார்த்ததும் எழுந்து கைகொடுப்பான். இப்போது நாற்காலியைக்கூட நகர்த்துவதில்லை. சினோப் பக்கம் போக ஆயிரத்து எண்ணூறு ரெயால் கேட்டேன். உள்ளூர் வண்டிக்காரர்கள் எல்லோரும் கேட்கிற வாடகைதான். அவன் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினான். "அங்க பாரு இல்வா. பூரா வடக்கத்தி நம்பர் பிளேட்டு. பலகைய எறக்கிட்டு, காலியா போகக் கூடாதேன்னு, குடுக்கறத குடுங்கன்னு நிக்கறானுங்க. ஆயிரம் குடுத்தா காலத் தொட்டுக் கும்புடுவான். உனக்கு எதுக்கு எண்ணூறு கூட?" என்றான்.

அந்தக் கொள்ளைக்காரர்களுக்கு மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதா? அவர்களுக்கு அது ரிட்டர்ன் லோடு, டீசல் காசு வந்தால் போதும். எனக்கு அதுதானே பிழைப்பு! வயிற்றில் அடிக்கிறார்கள். முழு வாடகை கிடைக்காமல் இந்த வருஷமும் ஓடினால் வண்டியை விற்றுவிட்டு சோபா கம்பெனியில் உறை தைக்கப் போக வேண்டியதுதான். உன் அத்தான் போனபிறகு அந்த ஸ்டியரிங்கைப் பிடித்துத்தான் நான் திரும்ப மனுஷியானேன். அதை விட்டுவிட்டு நாலு சுவருக்குள் உட்கார என்னால் ஆகாது.

நெய்வாவையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல். மாத்தே டீ இலை இரண்டு கிலோ பரண்மேல் வைத்திருந்தேன், எடுத்துப் போயிருக்கிறாய் என்று காலி இடம் சொல்கிறது. குடித்துத் தீர்.

உன் அக்கா
இல்வா


சினோப்,
1997 ஏப்ரல் 2

என் அருமை அக்காவுக்கு,

வால்மோர். முதலில் ஒரு திருத்தம்: நான் குறட்டை விடுவதில்லை, மூச்சு கொஞ்சம் பலமாக விடுவேன். நெய்வா பதினாறு வருஷமாக அப்படித்தான் ஒத்துக்கொண்டிருக்கிறாள்.

இங்கே மழை விடவில்லை. குயாபாவுக்கு வடக்கே சாலை என்று எதுவும் இல்லை, சேறுதான். எனக்கு முன்னால் பத்து வண்டி சிக்கி நின்றது. ஒருத்தன் சமைத்தான், ஒருத்தன் கிடார் வாசித்தான், நான் பாடினேன். பாடியதும் எல்லோரும் சேற்றில் இறங்கி வண்டியைத் தள்ள ஆரம்பித்துவிட்டார்கள். என் குரலுக்கு அவ்வளவு மகிமை.

நீ எழுதியதைப் படித்து எனக்கு ரத்தம் கொதித்தது. இங்கும் அதே கதைதான் அக்கா. தெற்கிலிருந்து மேஜை கட்டில் ஏற்றிவருகிற வண்டிகள், இறக்கிய கையோடு மரம் அறுக்கும் மில் வாசலில் வரிசை கட்டுகின்றன. பலகை லோடுக்கு நாங்கள் உள்ளூர்க்காரர்கள் ஒரு வாடகை பேசி வைத்திருக்கிறோம். இவர்கள் வந்து அடிமாட்டு விலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். நான் போன மாதம் லோடு இல்லாமல் எத்தனை நாள் யார்டில் உட்கார்ந்திருந்தேன் தெரியுமா? நெய்வா கையில் சோற்றுத் தூக்கோடு வந்து, "வீட்லதான் உக்காருங்களேன், சோறாச்சும் சூடா இருக்கும்" என்று கேலி பேசிவிட்டுப் போனாள். அந்தத் தெற்கத்தியான்களில் ஒருத்தன் கையில் சிக்கட்டும், தார்ப்பாயில் சுருட்டிக் கட்டிவிடுகிறேன்.

நல்ல சேதியும் உண்டு. போன தடவை உன் ஊரில் பலகை இறக்கியதும் அலமாரி லோடு ஒன்று அமைந்தது. காத்திருக்கவே இல்லை. அந்த ஆபீஸ்காரன் பேரைக்கூட நான் கேட்கவில்லை, அவன் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். டீசலுக்கு ஆயிற்று, டயருக்கும் கொஞ்சம் மிச்சம். கடவுள் இருக்கிறார்.

வண்டியை விற்கிற பேச்சை எடுக்காதே. உன்னுடையது போல மஞ்சள் வண்டி எதிரே வந்தால் இப்போதும் ஹாரன் அடிக்கிறேன். நேற்று கையாட்டியவன் தாடி வைத்திருந்தான், நீ இல்லை.

உன் தம்பி
வால்மோர்


சினோப், உன் வீட்டு அடுப்படி,
1997 ஏப்ரல் 27

அன்புத் தம்பிக்கு,

உன் மேஜையில், உன் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ நாலு நாளைக்கு முன்னால் தெற்கே கிளம்பிவிட்டாயாம். வழியில் எனக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை, அதனால்தான் எந்தப் பெட்ரோல் பங்கிலும் உன்னைப் பார்க்கவில்லையோ என்னவோ.

நெய்வா மரவள்ளிக் கிழங்கும் கோழியும் செய்துபோட்டாள். உன் சின்னவன் என்னைப் பார்த்து, "நீங்கதான் லாரி அத்தையா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். மடியைவிட்டு இறங்கவே இல்லை. மறக்காமல் நெய்வாவுக்கு ஒரு தடவையாவது நீ பாத்திரம் கழுவிக் கொடு.

ஜுசாராவுக்குச் சர்ச்சில் உறுதிப்பூசுதல் சடங்கு வருகிறது. அதற்குள் ஊர் திரும்ப வேண்டும் என்று தவித்தேன். பங்கில் லோடு விசாரித்தேன், ஒரு மில்லைக் காட்டினார்கள். பெரிய மீசை வைத்த முதலாளி. பெண் பிள்ளை லாரி ஓட்டுகிறாள் என்று நாற்காலி போட்டுக் காபி கொடுத்தார். எவ்வளவு வேண்டும் என்றார். டீசலுக்கு ஆனால் சரி என்றேன். உடனே ஆள்களைக் கூப்பிட்டு ஏற்றச் சொல்லிவிட்டார். நல்ல மனுஷன். உன் ஊரில் இப்படிப்பட்டவர்கள் இருக்கும்போது நீ ஏன் யார்டில் உட்கார்ந்திருக்கிறாய்? உனக்குப் பேசத் தெரியவில்லை.

திராட்சை ஜாம் இரண்டு பாட்டில் அலமாரியில் வைத்திருக்கிறேன். ஒன்று குழந்தைகளுக்கு. இரண்டும் குழந்தைகளுக்கு என்று வைத்துக்கொள்.

அக்கா
இல்வா


பென்ட்டோ கோன்சால்வெஸ்,
1997 மே 20

வால்மோர்,

அர்லிண்டோ இன்று என்னை உட்காரச் சொன்னான். கதவைச் சாத்தினான். "இல்வா, இனிமே சினோப் அலமாரி லோடுக்கு ஆயிரந்தான். கம்பெனிக்காரங்க முடிவு பண்ணிட்டாங்க. ஒருத்தன் ரெண்டு தடவ அந்த வாடகைக்கு எடுத்துட்டான். அப்புறம் உனக்கு எப்படி எண்ணூறு கூடப் போடுவாங்க?" என்றான். யாரந்த மகராசன் என்று கேட்டேன். "நீல வண்டி. பிளேட்டுல சினோப்னு இருந்துச்சு. லோடு ஏத்துறவனுங்க பூரா பேரும் சிரிச்சுக்கிட்டு இருந்தானுங்க. என்னமா பாடுறான் மனுஷன், காதப் பொத்திக்கலாம் போல!"

அந்தக் குரலை எனக்குத் தெரியாதா?

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். என் கட்டிலில் படுத்து, என் மாத்தேயைக் குடித்து, என் மகள் கையால் சாப்பிட்டுவிட்டு, அடுத்த தெருவுக்குப் போய் என் வாடகையை உடைத்திருக்கிறாய். மார்ச் மாதம் யாரைத் திட்டி உனக்கு எழுதினேன் என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அந்தக் கொள்ளைக்காரன் நீதான்.

நீயும் ரத்தம் கொதித்ததாக எழுதினாய். எதற்காக?

இல்வா


சினோப்,
1997 ஜூன் 3

அக்கா,

உன் கடிதத்தை நெய்வாதான் முதலில் பிரித்தாள். படித்துவிட்டு என்னிடம் கொடுக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள். பிடுங்கித்தான் படித்தேன்.

ஆமாம், ஏற்றினேன். உன் லோடு என்று அதில் எழுதியிருக்கவில்லை. இரண்டாயிரத்து நானூறு கிலோமீட்டர் காலியாக வா என்கிறாயா? டீசலுக்கு யார் தருவார்கள்? நீ தருவாயா?

சரி, நீ சொன்னதுபோல நானும் சொல்கிறேன். இங்கே ஒஸ்னி என்று ஒரு மில் முதலாளி. ஆறு வருஷமாக அவர் பலகைதான் என் பிழைப்பு. இந்த மாதம் போய் நின்றால், "வாடகை கொறஞ்சிடுச்சு வால்மோர். தெக்கேருந்து ஒரு பொம்பள வந்துச்சு. மஞ்ச வண்டி. நா வாயத் தொறக்கறதுக்குள்ள டீசல் காசு போதும்னுச்சு. அது ஓட்டும்போது ஒனக்கு என்னய்யா?" என்றார். ஒஸ்னிக்கு மீசை பெரிது அக்கா. வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டுக் காபியும் கொடுப்பார்.

எனக்குப் பேசத் தெரியவில்லை என்று என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினாயே. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கொள்ளைக்காரன் என்று எழுதிவிட்டாய். போகட்டும். இனி உன் ஊருக்கு வந்தால் பங்கில் வண்டியிலேயே படுத்துக்கொள்கிறேன். உன் கட்டில் உனக்கே.

வால்மோர்


பென்ட்டோ கோன்சால்வெஸ்,
1997 ஜூலை 27

அன்புத் தம்பிக்கு,

இரண்டு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். வயசாகிறது, ரொம்ப நாள் தூக்க முடியவில்லை.

இந்த மாதத் தொடக்கத்தில் சினோப் வந்தேன், நெய்வா சொல்லியிருப்பாள். வழக்கம்போல நீ ஊரில் இல்லை. அவள் சோறு போட்டாள், நான் சாப்பிட்டேன். இரண்டு பேருமே குழந்தைகளைப் பார்த்துத்தான் பேசினோம். மறுநாள் ஒஸ்னியிடம் போனேன். அதே நாற்காலி, அதே காபி. "போன தடவ எடுத்த வாடகைதானேம்மா?" என்றார். என்னால் குடிக்க முடியவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "இது என் தம்பி லோடு. முழு வாடகை குடுங்க, இல்ல அவனுக்கே குடுங்க" என்றேன். அவர் சத்தம்போட்டுச் சிரித்தார். "மரத்துல அவன் பேரு எழுதியிருக்காம்மா?" என்றார்.

காலி வண்டியோடு திரும்பினேன். மில் கேட்டைத் தாண்டும்போதே வேறொரு தெற்கத்தி வண்டி பின்பக்கமாக உள்ளே போனது. நான் விட்டதை அவன் இன்னும் குறைத்து எடுத்திருப்பான். சந்தேகமே இல்லை. என் மானம் ரோஷமெல்லாம் அந்தக் கேட்டைக்கூட மூட வைக்கவில்லை. வழியெல்லாம் டிரெய்லர் ஒவ்வொரு குழிக்கும் தகர டப்பா மாதிரி அலறியது. அதோடு சேர்ந்து நானும் அழுதேன். யார் கேட்கப் போகிறார்கள்?

நேற்று முன்தினம் இங்கே நம் லாரிக்காரர்களின் காவல் புனிதர் கிறிஸ்டோபர் திருநாள். லாரிகளெல்லாம் வரிசையாகப் போய்ப் பாதிரியாரிடம் தீர்த்தம் வாங்கின. நானும் போனேன். கூட்டத்தில் ஒருவர் என் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், டயரை உதைத்துப் பார்த்தார். விலைக்குத் தருகிறாயா என்று கேட்டார். நல்ல விலைதான் சொல்கிறார். செப்டம்பர் கடைசியில் பதில் சொல்கிறேன் என்றிருக்கிறேன். இப்படியே போனால் கொடுத்துவிடுவேன் தம்பி. வேறு வழி தெரியவில்லை.

நான் எழுதிய வார்த்தைகளையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கொள்ளைக்காரன் என்பதை மட்டும் ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொள்வோம். உனக்கு அலமாரி, எனக்குப் பலகை.

கட்டில் விரித்தே இருக்கிறது. பங்கில் படுக்காதே.

உன் அக்கா
இல்வா


சினோப்,
1997 ஆகஸ்ட் 10

என் அக்காவுக்கு,

படித்தேன். நெய்வா முன்னாலேயே அழுதேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் கௌரவம் பிழைத்தது.

உன்னிடம் சொல்லாத ஒன்று. நீ இங்கிருந்து காலியாகப் போன அதே வாரம் நானும் உன் ஊரிலிருந்து காலியாகத்தான் கிளம்பினேன். அர்லிண்டோ ஆபீஸைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் நான் உன்னளவு பிடிவாதக்காரன் இல்லை. காஸ்கவேல் வரைக்கும்தான் தாங்கியது. அங்கே கோழித்தீவனம் ஏற்றிக்கொண்டேன், அதுவும் கேவலமான வாடகைக்கு. அங்கே எந்த உள்ளூர்க்காரன் இப்போது என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறானோ.

அந்தத் தீவன நாற்றத்தில் ஒரே யோசனை. கேள். நான் ஏன் உன் ஊரில் கெஞ்சுகிறேன்? என் ஊருக்குத் திரும்ப வேண்டுமே. நீ ஏன் என் ஊரில் கெஞ்சுகிறாய்? அதே காரணம். அந்த ஊருக்கே போகாவிட்டால்?

காம்போ கிராண்டே ஏறக்குறைய பாதி வழி. நீ மேஜை நாற்காலியை அதுவரை கொண்டுவா. நான் பலகையை அதுவரை கொண்டுவருகிறேன். டிரெய்லரைக் கழற்றி மாற்றிக்கொள்வோம். உன் டிரெய்லரை நான் இழுத்துப்போய் சினோப்பில் இறக்குகிறேன், என்னுடையதை நீ பென்ட்டோவில் இறக்கு. அடுத்த நடைக்கு மறுபடி மாற்றிக்கொள்ளலாம். நீ உன் ஊரில் மட்டும் வாடகை பேசு, நான் என் ஊரில் மட்டும். தெரிந்த இடத்தில், தலை நிமிர்ந்து, முழு வாடகை. யார் வாசலிலும் டீசல் காசுக்கு நிற்க வேண்டாம். இரண்டு வாடகையையும் ஒன்றாகப் போட்டு ஆளுக்குப் பாதி. ஓட்டுகிற தூரமும் பாதி.

வண்டியை விற்காதே அக்கா. அந்த டயர் உதைக்கிறவனை நான் வந்து உதைக்கிறேன்.

உன் தம்பி
வால்மோர்


பென்ட்டோ கோன்சால்வெஸ்,
1997 ஆகஸ்ட் 24

அன்புத் தம்பிக்கு,

உனக்கு மூளை இருக்கிறது என்று அம்மா சொல்வாள், நான்தான் நம்பியதில்லை.

ஆனாலும் மூன்று நாள் யோசித்தேன். டிரெய்லர் உன் அத்தான் வாங்கியது. அதை இதுவரை வேறொருவர் கையில் கொடுத்ததில்லை. நீயாக இருந்தாலும் சொல்லித்தான் கொடுப்பேன். இடது பக்கப் பிரேக் கொஞ்சம் இழுக்கும், இறக்கத்தில் பார்த்து வா. தார்ப்பாயை வெயிலில் காயவைக்காமல் மடிக்காதே. உன் டிரெய்லர் என் வண்டியின் இணைப்புத் தட்டில் சரியாக உட்காருமா என்று அளந்து அனுப்பு.

அர்லிண்டோவிடம் பேசிவிட்டேன். ஆயிரத்து எண்ணூறு என்றேன். "வெயில்ல வந்தியா?" என்றான். நான் எழுந்திருக்கவில்லை. "நீங்க ஆயிரத்துக்கு ஏத்திவிடுற வெளியூர்க்காரன் அலமாரிய எறக்கிப் போட்டுட்டு போயிடுவான். கண்ணாடி ஒடஞ்சா எவனப் புடிப்பீங்க? அங்க எறக்கப்போறது என் தம்பி. இங்க வாடக வாங்குறது நானு. சொன்ன நாள்ல போய்ச் சேரும். ஒண்ணு ஒடஞ்சாலும் நேரா என் வீட்டு வாசல்ல வந்து நில்லுங்க" என்றேன். அவன் பேனாவைக் கடித்துக்கொண்டே இருந்தான். போன மாதம் உடைந்த கண்ணாடிகளுக்குக் கம்பெனிக்காரர்கள் அவனைத்தான் வறுத்திருக்கிறார்கள் போல. கடைசியில் நூறு குறைத்தான். குறைக்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது, விட்டுவிட்டேன்.

"ஆமா, உன் தம்பி என்ன பண்றான்?" என்று கேட்டான். பாடுவான் என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும் நீ!

டயர் உதைத்தவரிடம் இந்த ஒரு நடை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். தேதி எழுது.

உன் அக்கா
இல்வா


சினோப்,
1997 செப்டம்பர் 7

அக்கா,

இருபதாம் தேதி, சனிக்கிழமை, காம்போ கிராண்டேக்குத் தெற்கே பெரிய பங்க். மதியத்துக்குள் வந்துவிடுவேன். டிரெய்லர் பொருந்தும், இரண்டு தடவை அளந்தேன்.

ஒஸ்னி ஒத்துக்கொண்டார். "அந்தம்மா ஒன் அக்காவா? மொதல்லயே சொல்லித் தொலையறதில்ல?" என்று திட்டினார். ஒரு மாதம் பார்க்கிறேன் என்கிறார். முழு வாடகைக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, பேசிக்கொண்டிருக்கிறேன்.

நெய்வா என் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடுகிறாள். லாரி ஓட்டுகிறவனுக்கு இது எதற்கு என்றால், "நாலு வருஷங்கழிச்சு அக்காவப் பாக்கப் போறீங்க, கரிச்சட்டியாட்டமா போவீங்க?" என்கிறாள். ஆகவே பங்கில் வெள்ளைச் சட்டையோடு ஒரு கிறுக்கன் இருந்தால் அது நான்தான்.

வால்மோர்


பென்ட்டோ கோன்சால்வெஸ்,
1997 அக்டோபர் 2

என் தம்பிக்கு,

பலகை பத்திரமாக இறங்கியது. இங்கே வந்ததும் டயர் உதைத்தவரைக் கூப்பிட்டு, வண்டி விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான். எனக்கு இல்லை.

உன்னைப் பார்த்துவிட்டேன். இத்தனை வருஷம் கடிதத்தில் வாய் கிழியப் பேசியவர்கள், நேரில் பிரேக் குழாயையும் டயர் காற்றையும் பற்றி மட்டுமே பேசினோம். கட்டிப்பிடித்தபோது உன்மேல் பலகை வாசனை அடித்தது. உன் தலை பாதி நரைத்துவிட்டது. டிரெய்லரைத் தாங்கி நிறுத்தும் கால்களை இறக்கும் நேரத்தில் நீ உன் வண்டிப் படியிலேயே உட்கார்ந்து, "நீயே எறக்குக்கா, உன் கைதான் ராசி" என்று சிரித்தாய். சோம்பேறி, மாறவே இல்லை என்று நினைத்துக்கொண்டே நான் கைப்பிடியைச் சுற்றினேன். நான் கிளம்புகிற வரைக்கும் நீ எழுந்திருக்கவில்லை.

டோராடோஸ் தாண்டிச் சோறு பொங்கலாம் என்று நிறுத்தினேன். டிரெய்லரின் பக்கவாட்டில் பொருத்திய என் சமையல் பெட்டி டிரெய்லரோடு உன்னிடம் போயிற்று. உன்னுடையது உன் டிரெய்லரோடு என்னிடம் வந்திருந்தது. உன் பெட்டிக் கதவைத் திறந்தேன். அடுப்பு துருப்பிடித்துக் கிடந்தது. காஸ் இல்லை, பானை இல்லை, அரிசி இல்லை. காய்ந்த பிஸ்கட் பாக்கெட்டுகள். வலி மாத்திரை அட்டைகள், ஒன்றிரண்டல்ல. பிதுக்கிச் சுருட்டிய தைலக் குழாய்கள். பெட்டியின் ஓரத்தில் கைப்பிடி வழவழத்துப்போன ஒரு ஊன்றுகோல். அதை நீ எனக்குத் தெரியாமல் அங்கே ஒளித்துவிட்டு, பெட்டி என்னோடு வந்துவிடும் என்பதையே மறந்து வெள்ளைச் சட்டையோடு படியில் உட்கார்ந்திருந்தாய்.

சோறு பொங்கவில்லை. வழியில் ஒரு பூத்தில் கையில் இருந்த காசையெல்லாம் போட்டு நெய்வாவைக் கூப்பிட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு அழுதாள். "இடுப்பெலும்பு தேஞ்சுபோச்சுண்ணி. ரெண்டு வருஷமா இப்படித்தான். ரொம்ப நேரம் உக்காரக் கூடாது, குனியக் கூடாதுன்னு டாக்டரு சொல்றாரு. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு" என்றாள். ஜுசாராவைக் கேட்டேன். "மாமா நடக்கறதே அப்படித்தான்னு நெனச்சேம்மா" என்கிறாள் இந்தப் பெண்.

இப்போதுதான் புரிகிறது. அர்லிண்டோ சொன்ன வாடகைக்கு நீ தலையாட்டியது டீசல் காசுக்காக மட்டும் இல்லை. யார்டில் நாள்கணக்கில் வண்டிக்குள் கிடந்து காத்திருக்க உன் இடுப்பு விடவில்லை. எவ்வளவு குறைத்தாலும் சரி, சீக்கிரம் வீடு போய்ப் படுத்தால் போதும் என்று ஏற்றியிருக்கிறாய். உன்னையா நான் கொள்ளைக்காரன் என்று எழுதினேன்? எழுதிய கையை என்ன செய்ய? ஏண்டா, ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? மூச்சு பலமாக விடுவேன் என்று எழுதத் தெரிந்தவனுக்கு இடுப்பு வலிக்கிறது என்று எழுதத் தெரியாதா?

இனி நான் சொல்வதைக் கேள். நாம் காம்போ கிராண்டேயில் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ரொண்டோனோபொலிஸில் மாற்றிக்கொள்வோம். எனக்கு இன்னும் ஒரு நாள் ஓட்டம் கூடும், உனக்கு ஒரு நாள் குறையும். எனக்கு ஓட்டப் பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். பணம் முன்பு பேசியதுபோல ஆளுக்குப் பாதி, ஒரு காசு மாறாது. அர்லிண்டோ கேட்டால் அடிமாட்டு விலைக்கு ஓட்டுகிறாள் என்பான். என் வாடகையை நான் குறைத்துக்கொள்கிறேன், அவனுக்கென்ன வந்தது? மிச்சமாகிற நாளில் குயாபா ஆஸ்பத்திரிக்குப் போய் இடுப்பைக் காட்டு. நெய்வா கூட வருவாள், அவளிடம் சொல்லிவிட்டேன்.

உன் பெட்டியைக் கழுவி, புது அடுப்பு வைத்து, காஸ் மாற்றியிருக்கிறேன். வரும்போது உப்புக்கண்டம் போட்ட சோறும் பீன்ஸும் செய்து அதில் வைத்துக் கொண்டுவருகிறேன். நீ குனிய வேண்டாம், நானே எடுத்துத் தருகிறேன். டிரெய்லர் காலையும் நானே இறக்குகிறேன். ஊன்றுகோலையும் கொண்டுவருகிறேன், ஒளிக்காமல் ஊன்றிக்கொண்டு நில்.

இதற்குப் பதில் எழுதாதே. எழுதினால் பேரம் பேசுவாய். பதினெட்டாம் தேதி மதியம் ரொண்டோனோபொலிஸுக்கு வந்து சேர், போதும்.

உன் அக்கா
இல்வா